கயிறு கட்டிய சாவி

எங்கள் மலையூர்க் களஞ்சியத்தில் நூற்றுப் பதினேழு அறைகள், இருபத்து மூன்று பூனைகள், ஒரு காவல்காரன். பூனையைக் கல்லால் அடித்தால் என்ன அபராதம் என்று சட்டப்பலகையில் எழுதியிருக்கிறது. காவல்காரனை அடித்தால் என்ன என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் காவல்காரன் நான்தான். பெயர் இத்தர்.

ஊரின் உயிரே இந்தச் சுவருக்குள்தான். பார்லி, பாதாம், எண்ணெய் ஜாடி, கல்யாண நகை, நிலப் பத்திரம், எல்லாம் இங்கே. நடுவில் நீளமாக ஒரு முற்றம். இரண்டு பக்கமும் ஒன்றின் மேல் ஒன்றாக ஐந்து வரிசை அறைகள். ஏணி கிடையாது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தட்டைக் கற்களில் கால் வைத்து, அடுத்த கல்லைக் கையால் பிடித்து ஏற வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் மரக் கதவு, மரப் பூட்டு, முழங்கை நீளத்துக்குப் பல் வைத்த மரச் சாவி. கதவின் கீழே பூனை போய்வர ஒரு ஓட்டை. வெளி வாசலுக்கு மட்டும் சாவி என்னிடம். உள்ளே இருக்கும் எந்த அறையின் சாவியையும் நான் விரலால்கூடத் தொடக் கூடாது. எவர் அறையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. இருபது வருஷம் அப்படியே இருந்தேன்.

எங்கள் ஊரில் யாரும் வயதை வருஷத்தில் சொல்வதில்லை. பிறந்த வருஷம் எவருக்குத் தெரியும்? "அவரு இன்னும் மூணாம் வரிசை ஏறுறாரு" என்பார்கள். அப்படியென்றால் ஆள் திடம். "இப்பல்லாம் ரெண்டாம் வரிசைக்கே நின்னு நின்னு ஏறுறாரு" என்றால் வீட்டில் பேச்சு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஏற முடியாத நாள் வந்துவிட்டால் சாவியை மகனிடமோ மருமகளிடமோ கொடுத்துவிட வேண்டியதுதான். பலகையில் அப்படி எழுதவில்லை, வழக்கம் அப்படி.

பெரியவர்களை மதிக்காத ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் வந்தால் எழுந்து நிற்போம், தலையில் முத்தமிடுவோம், அவர்கள் பேசும்போது குறுக்கே பேச மாட்டோம். ஆனால் சாவி இருக்கிறவரைக்கும் ஒரு மரியாதை, சாவி போனபின் வேறொரு மரியாதை. என் அப்பா ஒரு வியாழக்கிழமை சாவியைக் கொடுத்தார். மறுநாள் வெள்ளிக்கிழமைக் கறியில் அவர் கிண்ணத்துக்குக் கழுத்தெலும்பு போனது. போட்டவள் என் மனைவி. பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவன் நான். அவர் ஒன்றும் சொல்லாமல் அந்த எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நான் சொல்ல வந்தது ரகூஷின் கதையை. என் கணக்கில் கிழவிக்கு எழுபத்தைந்து இருக்கும். புருஷன் போய் ஒன்பது வருஷம். மகன் பீஹி, மருமகள் மமாஸ், நான்கு பிள்ளைகள், எல்லோரும் ஒரே வீடு. அறை நாலாம் வரிசையில். வாரா வாரம் வியாழக்கிழமை சாவியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வருவாள். பின்னால் காலிக் கூடையோடு மமாஸ். மமாஸ் கீழே நிற்க வேண்டும். கிழவி கூடையை வாங்கிக்கொண்டு ஏறுவாள், வாரத்துக்கு வேண்டிய பார்லியை அளந்து கூடையில் போட்டு இறக்குவாள். பதினோரு வருஷமாக மருமகள் ஒரு கல்லில்கூடக் கால் வைத்ததில்லை.

போன குளிர்காலத்திலிருந்தே கிழவிக்கு முழங்கால் மக்கர் செய்யத் தொடங்கியது. மமாஸ் விட மாட்டாள்.

"அத்தே, நான் ஏறி எடுத்துட்டு வரேன். இல்லேன்னா ஒருநாள் விழுந்து இடுப்ப ஒடச்சுக்கப் போறீங்க."

"ஒடஞ்சா என் இடுப்புதானே ஒடையும். ஒனக்கு ஏன் வலிக்குது?"

"அந்த இடுப்புக்கு எண்ண தேய்க்கப் போறது நான்தானே!"

"அதுக்கு எண்ணயும் எங்கிட்டதான் வாங்கணும். தெரியும்ல?"

வாசலில் உட்கார்ந்து இதைக் கேட்பதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. ஆனால் போகப் போகச் சிரிப்பு குறைந்தது. வாரத்துக்கு வாரம் கூடையில் பார்லி குறைந்துகொண்டே வந்தது. மமாஸுக்குப் பொறுக்கவில்லை. கிணற்றடியில் ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினாள்.

"அறை நெறைய வெச்சுக்கிட்டு எம் புள்ளைங்களுக்குக் கஞ்சித் தண்ணி ஊத்துது அந்தக் கெழவி! செத்தா கபருக்குள்ள கூடவே கொண்டுபோகப் போகுதா? இப்படி ஒரு கஞ்சத்த நான் பாத்ததே இல்ல!"

ஊரே அவள் பக்கம்தான் பேசியது. நானும் மனசுக்குள் அவள் பக்கம்தான். மூன்று வருஷமாக மழை ஏமாற்றியிருந்தது. இந்த வருஷம்தான் வயலில் பச்சை நின்றது. அறுவடைக்கு இன்னும் இரண்டு மாதம். இந்த நேரத்தில் போய் ஒரு கிழவி கையை இறுக்குகிறாளே என்று எனக்கும் எரிச்சல்.

அப்போதுதான் ஒருநாள் மத்தியானம், ஊர் முழுக்கக் களை பறிக்கப் போயிருந்த வேளையில், ரகூஷ் தனியாக வந்தாள். அன்று வியாழக்கிழமைகூட இல்லை. ஒரு கையில் ஊன்றுகோல், இன்னொரு கையில் சின்னக் கூடை.

"இத்தர், நீ ஏறி எடுத்துக் குடு."

"பெரியம்மா, நான் தொடக்கூடாதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா? மமாஸ கூட்டிட்டு வாங்க."

"அவ வேண்டாம்."

"பீஹி?"

"அவனும் வேண்டாம். ஒங்கிட்டதான் கேக்கறேன்."

"முடியாது பெரியம்மா. ஒரு கிடா அபராதம். எங்கிட்ட இருக்கறதே ரெண்டு கிடா."

அவள் அதற்கு மேல் கெஞ்சவில்லை. ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு ஏறத் தொடங்கினாள். ஒரு கல், இரண்டு கல். ஐந்தாவது கல்லில் நின்றுவிட்டாள். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. கூப்பிடவும் இல்லை. கழுத்தெலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்த என் அப்பாவும் இப்படித்தான் ஒன்றும் கேட்காமல் இருந்தார். நான் ஓடிப்போய் இடுப்பைப் பிடித்து இறக்கி உட்காரவைத்தேன். பிறகு, புத்தி கெட்டுப்போய், கழுத்திலிருந்த சாவியை நானே கழற்றி எடுத்துக்கொண்டு ஏறினேன்.

கதவைத் திறந்ததும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. வேறு யாருடைய அறையையோ திறந்துவிட்டேனோ என்று நினைத்தேன். தானியக் குதிர்கள் நாலும் காலி. எண்ணெய் ஜாடி வாய் பிளந்து கிடந்தது. செத்துப்போன புருஷனின் கம்பளி அங்கி ஒரு ஆணியில். மூலையில், தரையில், இரண்டு கையால் அள்ளினால் ஏழெட்டுத் தடவைக்கு வரும் பார்லி. அவ்வளவுதான். இந்தக் கதவின் ஓட்டையில் பூனைகள் நுழைந்து பார்த்து வெகு நாளாயிற்று என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எலி இல்லாத இடத்தில் பூனைக்கு என்ன வேலை?

பாதியை அள்ளிக்கொண்டு இறங்கினேன். கிழவி என் முகத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எப்பலேர்ந்து பெரியம்மா?"

"போன வருஷமே தீர ஆரம்பிச்சுடுச்சு. தீரத் தீரக் கொறச்சு அளந்தேன். அறுப்பு வரைக்கும் இழுத்துடலாம்னு பாத்தேன்."

"மகன்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா மறுநாளே மேல்வயல வித்துட்டு, கீழ சமவெளிக்குக் கூலிக்குப் போயிடுவான். போனவன் எவன் திரும்பி வந்தான்? அறை நெறஞ்சிருக்குன்னு நம்பறதாலதான் அவன் இங்க நிக்கறான்."

பிறகு இன்னொன்றும் சொன்னாள். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

"எனக்காகவும்தான்டா. முழங்காலும் போயி, அறையும் காலின்னா, நான் அந்த வீட்டுல யாரு? ஒரு வாயி. அவ்வளவுதானே?"

இல்லை பெரியம்மா என்று சொல்ல வாய் வந்தது. என் வீட்டில் நடந்தது நினைவுக்கு வந்ததால் சொல்லவில்லை.

"நீ யாருகிட்டயும் சொல்லக் கூடாது," என்றாள்.

"சொன்னா இன்னொரு கிடா போகும். சொல்ல மாட்டேன்."

நான் சொல்லவில்லைதான். ஆனால் எதிர்ப் பக்கத்து அறைக்காரன் ஹமூ சொல்லிவிட்டான். காலையில் வந்தவன் போய்விட்டான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்த மகராசன் களை பறிக்கப் பயந்து, பெண்டாட்டி கண்ணில் படாமல், இரண்டாம் வரிசையில் தன் அறைக்குள் பாதாம் மூட்டை மேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தானாம். நான் சாவியும் கையுமாக நாலாம் வரிசையிலிருந்து இறங்குவதைப் பூனை ஓட்டை வழியாகப் பார்த்திருக்கிறான். அறைக்குள் என்ன இருந்தது என்று அங்கிருந்து தெரிய வழியில்லை. சாயந்தரத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது, காவல்காரன் அறையைத் திறந்தான் என்று.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் களஞ்சியக் கமிட்டிப் பெரியவர்கள் பத்துப் பேரும் வாசல் மண்டபத்தில் வந்து உட்கார்ந்தார்கள். தலைவர் யஹ்யா, எண்பதை எட்டிக்கொண்டிருப்பவர். நான் செய்ததை ஒப்புக்கொண்டேன். கிடா என்று தீர்ந்தது. பெரிய கிடாவா சின்னக் கிடாவா என்று அவர்களே சப்புக்கொட்டிக்கொண்டு பேசிப் பெரியது என்று முடிவு செய்தார்கள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஹமூ எழுந்தான்.

"கிடா சரி. அந்தம்மா சாவி என்ன ஆவுது? பலகையில என்ன எழுதியிருக்கு? வாசிக்கச் சொல்லுங்க."

வாசித்தார்கள். உரியவரின் கையை விட்டுச் சாவி போகக் கூடாது. போனால் உரிமை அந்த வீட்டில் அடுத்தவருக்கு.

"அவ்வளவுதான். காவல்காரன் கைக்குப் போச்சு. இனிமே சாவி பீஹிக்கு," என்றான் ஹமூ.

பீஹி தலையைச் சொறிந்தான். நல்ல பையன், ஆனால் அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் நசுங்கிப்போனவன். "அம்மா, எத்தன நாளைக்குத்தான் ஏறுவீங்க? குடுத்துடுங்களேன். ஒங்களுக்கு ஒரு கொறையும் வராது."

மமாஸ் பெண்கள் பக்கத்தில் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் ஒன்றும் பேசவில்லை. பேச வேண்டியதைக் கிணற்றடியிலேயே பேசிவிட்டாளே.

ரகூஷ் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு எழுந்தாள். கழுத்துச் சாவியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"யஹ்யா, போன மாசம் ஒனக்குக் காய்ச்சல் வந்துச்சே, ஒன் அறைய யாரு தெறந்தா?"

யஹ்யா இருமினார்.

"ஒன் கொழுந்தியா தெறந்தா. பேலெய்ட், ஒன் அறைய மூணு மாசமா ஒன் பேரன் தெறக்கறான். நீ கீழ நின்னு வாசல பாத்துக்கிட்டிருக்க. இந்தப் பத்துப் பேருல நாலாம் வரிச ஏறுற ஆம்பள யாரு? எந்திரிச்சு ஏறிக் காட்டுங்க பாப்போம். நான் இப்பவே சாவியக் குடுத்துடறேன்."

யாரும் எழவில்லை. அவள் சொன்னது அத்தனையும் உண்மை என்று எனக்குத் தெரியும். வாசலில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? ஊரில் பாதிச் சாவிகள் கையை விட்டுப் போய்த் திரும்பி வந்தவைதான். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஹமூ மட்டும் விடவில்லை.

"அதெல்லாம் வேற. பலகை பலகைதான்."

எனக்குக் கோபம் வந்தது. கிடா போகிற கோபம் வேறு. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"பலகைதான் ஒனக்கு வேணுமா? கையை விட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதானே? சாவிய ஒரு நீளக் கயித்துல கட்டு. ஒரு நுனிய பெரியம்மா கையில குடு. யாராவது சாவியோட ஏறட்டும். கையை விட்டுப் போகலைல்ல? போடா!"

மண்டபம் அதிரச் சிரித்தார்கள். ஹமூகூடச் சிரித்தான். யஹ்யா மட்டும் சிரிக்கவில்லை. தன் முழங்காலைத் தடவிக்கொண்டே ரொம்ப நேரம் யோசித்தார். அவர் பக்கத்தில் இருந்த பேலெய்டும் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் முழங்காலைத் தடவினார். பிறகு ஒவ்வொருவர் சிரிப்பாக அடங்கியது.

"இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்றார் யஹ்யா. "கயிறு கைதான். ஆட்ட கயித்துல கட்டிக் கையில புடிச்சா, ஆடு நம்ம கையிலதான இருக்குன்னு சொல்றோம்? அப்ப சாவி மட்டும் எப்பிடி கையை விட்டுப் போகும்?"

"சரிதான், சரிதான்," என்றார்கள் மற்றவர்கள். அத்தனை வேகமாக அந்தக் கமிட்டி எதையும் ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

நான் பெருமையாக ரகூஷைப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. ஏனென்று அடுத்த பேச்சில் புரிந்தது.

"ஏறுறது யாரு? வீட்டு ஆளாத்தான் இருக்கணும்," என்றார் யஹ்யா. "மருமக இருக்காளே. மமாஸ், வாம்மா."

என் நாக்கை நானே கடித்துக்கொண்டேன். சாவியைக் காப்பாற்றுகிறேன் என்று கதவைத் திறந்துவிட்டுவிட்டேன். இத்தனை நாள் கிழவி யாரை ஏறவிடாமல் பார்த்துக்கொண்டாளோ அவளையே, ஊர் முழுக்க நின்று பார்க்க, நானே ஏற்றிவிடுகிறேன்.

"இன்னைக்கு வேண்டாம்," என்றாள் ரகூஷ். "வியாழக்கெழம பாத்துக்கலாம்."

"இன்னைக்கே," என்றார் யஹ்யா. "புதுசா ஒண்ணு செய்யறோம். எங்க கண்ணு முன்னாடி ஒருதரம் செஞ்சு பாக்கணும். கயிறு எட்டுதா, சிக்குதான்னு தெரிய வேணாமா?" தனக்கு எவ்வளவு கயிறு வேண்டியிருக்கும் என்ற கணக்கு அவர் கண்ணில் ஓடியது.

கிணற்றுக் கயிறு வந்தது. ஆட்டு மயிரில் திரித்தது. சாவியில் கட்டினார்கள். மறு நுனியை ரகூஷின் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கொடுத்தார்கள். மமாஸ் கூடையை முதுகில் போட்டுக்கொண்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பாவாடையைத் தூக்கிச் செருகினாள். பதினோரு வருஷம் காத்திருந்த கால்கள். ஒரு கல்லில்கூட நிற்காமல் ஏறினாள். கயிறு அவள் பின்னாலேயே சுவரில் உரசிக்கொண்டு ஏறியது.

நாலாம் வரிசை. பூட்டில் சாவியை விட்டாள், தூக்கினாள், கதவு திறந்தது. உள்ளே போனாள்.

ரகூஷ் என் பக்கத்தில்தான் நின்றாள். அவள் உதடு ஓதிக்கொண்டிருந்தது.

"போச்சுடா இத்தர்," என்றாள் எனக்கு மட்டும் கேட்கும்படி.

மமாஸின் வாய் எப்படிப்பட்டது என்று ஊருக்கே தெரியும். கிணற்றடியில் கத்தியவள் நாலாம் வரிசையிலிருந்து கத்தினால் பக்கத்து மலைக்கும் கேட்கும். காலி அறையை வைத்துக்கொண்டு இத்தனை நாள் எங்களை ஆட்டிவைத்தாயா என்று அவள் கேட்கப் போகிறாள், பீஹி நாளைக்கே வயலை விற்கப் போகிறான், கிழவியின் கிண்ணத்துக்கு இனிமேல் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் காரணம் என் வாய்.

மேலே சத்தமே இல்லை.

"என்ன, உள்ளயே குடித்தனம் வெச்சுட்டாளா?" என்றான் ஹமூ. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

மமாஸின் தலை கதவுக்கு வெளியே வந்தது. அவள் முதலில் கமிட்டியைப் பார்த்தாள். ஹமூவைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். கடைசியாகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மாமியாரைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, முற்றமே அதிர, தன் கிணற்றடிக் குரலில் கத்தினாள்.

"அத்தே! எந்தக் குதிர்லேர்ந்து எடுக்கட்டும்? முன்னால இருக்கறதா, பின்னால இருக்கறதா?"

ரகூஷுக்குப் புரியவில்லை. எனக்கும்தான் புரியவில்லை. வாயைத் திறந்தபடி மேலே பார்த்தோம்.

"காது கேக்கலையா அத்தே? முன்னாலதா, பின்னாலதா?"

கிழவிக்குத்தான் முதலில் பிடிபட்டது, அவளும் கத்தினாள்.

"முன்னாலது போதும்! பின்னால இருக்கறது... பின்னால இருக்கறது வெதைக்கு! அதத் தொடாத!"

"இந்தப் பாதாம் மூட்டைய நகத்தாம பின்னால போகவும் முடியாது போல!"

"நகத்தாத! வெச்சது வெச்சபடி இருக்கட்டும்!"

"ஆமா, ஆமா, நகத்திட்டாலும்! ரெண்டு ஆளு வேணும் இதுக்கு!"

கமிட்டியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "கெழவி ராணி மாதிரி வெச்சிருக்காடா," என்று ஹமூ பெருமூச்சு விட்டான். பீஹி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். அந்த அறையில் உண்மையில் என்ன இருந்தது என்று தெரிந்தது எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான்.

மமாஸ் கதவைப் பூட்டிவிட்டு இறங்கினாள். கூடையின் மேல் துணி போட்டு இறுக்கிக் கட்டியிருந்தாள். ஒவ்வொரு கல்லிலும் நின்று, மூச்சு வாங்கி, முதுகை வளைத்து இறங்கினாள். ஏறியதைப் போல நாலு மடங்கு நேரம். கீழே வந்ததும் ஹமூ கூடையை வாங்கக் கையை நீட்டினான்.

"கையை எடுங்க. எங்க வீட்டுப் பார்லிய எங்களுக்குத் தூக்கத் தெரியும்!"

மாமியாரின் பக்கத்தில் வந்து நின்றாள். கிழவியின் விரல்கள் தளர்ந்துவிட்டிருந்தன. கண் நிறைந்து வழிந்தது. கயிறு கையிலிருந்து நழுவத் தொடங்கியது. மமாஸ் அந்தக் கையைத் தன் கையால் மூடி இறுக்கினாள். மெதுவாகத்தான் சொன்னாள், பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது.

"கயித்த விடாதீங்க அத்தே. எல்லாரும் பாக்குறாங்க."

இருவரும் வாசலைத் தாண்டிப் போனார்கள். முன்னால் கிழவி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு. பின்னால் மருமகள், இல்லாத பாரத்தைச் சுமந்துகொண்டு.

அடுத்த வியாழக்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்திலேயே வந்துவிட்டார்கள். மமாஸின் முதுகில் கூடை, மேலே துணி. அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. தோளில் போர்வையைக் குத்தும் வெள்ளி ஊசி இல்லை. அந்த இடத்தில் ஒரு முள்ளைக் குத்தியிருந்தாள்.

"என்னம்மா கொண்டு போற?" என்றேன். கேட்பது என் வேலை.

"அறையத் தொடைக்க துணி."

"துணி ரொம்ப கனம் போல இருக்கே."

"ஈரத் துணி மாமா."

நான் ஒதுங்கி வழிவிட்டேன். வெளியே போகிறதைத்தான் பார்க்கச் சொல்லியிருக்கிறது பலகை. உள்ளே போகிறதைப் பற்றி அதில் ஒரு எழுத்து கிடையாது. பக்கத்தில் போகும்போது அவள் நின்றாள். கிழவி முன்னால் நடந்துகொண்டிருந்தாள்.

"மூணு மாசமா சாப்பாட்டு நேரத்துல வயிறு சரியில்ல, வயிறு சரியில்லன்னு வெறும் சுடுதண்ணியக் குடிச்சுட்டுப் படுத்தாங்க மாமா. நடிப்புன்னு நெனச்சேன். கிணத்தடியில நின்னு என்னவெல்லாம் பேசினேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறப் போய்விட்டாள்.

முற்றத்தில் அன்று ரகூஷ் மட்டுமில்லை. யஹ்யா ஒரு கயிற்றோடு நின்றார். பேலெய்ட் ஒரு கயிற்றோடு. மூன்றாம் வரிசை அறையின் சாவியை விட்டுக்கொடுத்து நாலு வருஷம் ஆன கிழவர் ஒருவரும் கயிற்றோடு வந்து, மகனிடம் சாவியைத் திருப்பிக் கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். கயிறுகள் ஒன்றோடொன்று சிக்கி, அதைப் பிரிக்க என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு என் உயிரை எடுத்தார்கள். திட்டிக்கொண்டேதான் பிரித்தேன். ஆனால் என் அப்பா இந்தக் கூட்டத்தில் நின்றிருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

நாலாம் வரிசையில் மமாஸ் உள்ளே போய் வெகு நேரம் ஆயிற்று. காலிக் குதிருக்குள் பார்லி கொட்டும் சத்தம் மெல்லக் கேட்டது; வெள்ளி ஊசி என்னவாயிற்று என்று எனக்குப் புரிந்தது. ஒரு பூனை அந்தச் சத்தத்துக்குக் காதைத் தூக்கி, கல் கல்லாக ஏறி, அந்தக் கதவின் ஓட்டையில் தலையை நுழைத்துப் பார்த்தது. கீழே ரகூஷ் கயிற்றை இரண்டு தரம் சுண்டினாள். பக்கத்தில் நின்ற யஹ்யாவுக்கும் கேட்க வேண்டுமே, அதனால் முழுக் குரலில் கூப்பிட்டாள்.

"ஏ மமாஸ்! பாத்து அள்ளு! கை நெறைய அள்ளாத, அறுப்பு வரைக்கும் வரணும்!"

"சரி அத்தே, அள்ளல!" என்று மேலேயிருந்து பதில் வந்தது.